காணாமல் போன கொழுப்பு

"அந்தப் பாலை டீயில ஊத்திடாதீங்க. அது சாட்சி."

நாற்காலியில் இருந்தவர் பாய்ந்து வந்து பாட்டிலைப் பறித்துக்கொண்டார். மருமகளின் கையில் கொதிக்கும் பாத்திரம் மட்டும் மிஞ்சியது.

"சாட்சியை யாராவது அடுப்புப் பக்கத்துல வைப்பாங்களா?" என்றாள் அவள். "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா மூணு பேருமா சேர்ந்து கேஸைக் குடிச்சு முடிச்சிருப்போம்."

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் முப்பது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், தீப்பிடித்த கடைகளையும் திருடு போன வண்டிகளையும் சரிபார்த்தவர். 'சந்தேகமா இருக்கே' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குச் சந்தேகம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலில் இறங்கியபோது அதையே பலகையிலும் எழுதி மாட்டிவிட்டார். கீழே 'சந்தேகம்' என்று இருக்கும், பக்கத்தில் ஓர் அம்புக்குறி மாடிப்படியைக் காட்டும்.

கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மகன் புறப்படும்போது மனைவியிடம், "அப்பாவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மாமனார் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் அது உதவியாளர் வேலையாகிவிட்டது.

வந்தவர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் லேக்டோமீட்டரைச் செருகியிருந்தார். பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழல் அது.

"நான் பால் வியாபாரி" என்றார். "எங்க ஊர்ல நாப்பது வீடு. வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினா ரெண்டு. இருபது வருஷமா அந்தப் பாலை நான்தான் வாங்கி ஆலைக்கு அனுப்புறேன். இப்பப் பத்து நாளா என் பால் சரியில்லன்னு ஆலையில திட்டுறாங்க. இன்னும் ரெண்டு நாள் பாப்பாங்களாம். அப்புறம் எடுக்க மாட்டாங்களாம்."

"தண்ணி கலந்திருக்கா?" என்று கேட்டார் சந்தேகம்.

"அதுதாங்க வயித்தெரிச்சல். லேக்டோமீட்டர் போட்டா முன்னைவிட நல்லா நிக்குது. ஊரே திருந்திடுச்சுன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். அவங்க என்னடான்னா, பால்ல கொழுப்பைக் காணோம்ங்கறாங்க."

மருமகள் டீ வடிகட்டுவதை நிறுத்தினாள். "கொழுப்பு காணாமப் போச்சுன்னு ஒருத்தர் புகார் குடுக்கறதை இப்பத்தான் பாக்கறேன். எங்க வீட்டுக்காரர் இருந்தா, இங்க நிறைய இருக்கு எடுத்துட்டுப் போங்கன்னு என்னைக் காட்டியிருப்பாரு."

"ரெண்டு வேளைப் பாலுமா?" என்றார் சந்தேகம், அவள் பக்கம் திரும்பாமல்.

"காலைப் பால் சுத்தமா இருக்கு. சாயங்காலப் பால்தான். அளவும் கொஞ்சம் கம்மிதான், அது வெயிலுக்கு வருஷா வருஷம் கொறையும்."

"எவ்வளவு கொறைஞ்சிருக்கு?"

"வீட்டுக்குக் கால் பங்கு."

"எல்லா வீட்லயும் கால் பங்கா?"

வியாபாரி யோசித்தார். "ஆமா. ஏறக்குறைய."

"ரொம்ப நேர்மையான வெயில்" என்றாள் மருமகள். "ஒரு மாட்டுக்குக் கூட, ஒரு மாட்டுக்குக் கொறைச்சல்னு இல்லாம அடிக்குது."

சந்தேகம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டார். "நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?"

வியாபாரி கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மச்சானை. என் சம்சாரத்தோட தம்பி. வேன் ஓட்டறான். காலையில நானும் கூடப் போறேன், பால் நல்லா இருக்கு. சாயங்காலம் அவன் மட்டும் போறான், கொழுப்பு காணோம். வழியில எங்கயோ நிறுத்தி ஏடு எடுத்து வித்துடறான். சும்மா சொன்னா என் சம்சாரம் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அஞ்சு வயசுல இருந்து அவனை வளர்த்தது அவதான். அதனால எனக்கு ஆதாரம் வேணும்."

அன்று மாலையே இருவரும் அந்த ஊரில் இருந்தார்கள். மாட்டுக் காப்பீட்டுக்காரர்கள் என்று வியாபாரி அறிமுகம் செய்துவைத்தார். தகரக் கூரை போட்ட அவருடைய முற்றத்தில் கேன்கள் வரிசையாக நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகப் பாத்திரத்தோடு வந்தார்கள். வியாபாரி லேக்டோமீட்டரை மிதக்கவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், அளந்து ஊற்றிக்கொள்வார். எல்லாப் பாலுக்கும் ஒரே தலையாட்டல், ஒரே விலை.

அவருடைய மனைவி டீ கொண்டுவந்தாள். நெடுநெடுவென்று உயரம், இடுப்பில் செருகிய முந்தானை, அதிகம் பேசாத முகம். மருமகள் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, இது டீயா பாயசமா?"

"பால் நல்லா இருந்தா டீ தானா நல்லா வந்துடும்" என்றாள் அவள்.

மருமகள் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். சந்தேகம் தன் டம்ளரைக் கொஞ்சம் சாய்த்து, விளிம்பில் படிந்த ஏட்டைப் பார்த்தார். பிறகு கேன்கள் வேனில் ஏறுவதற்கு முன், கலக்கிய பாலில் ஒரு சின்னப் பாட்டிலை முக்கி எடுத்து மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

வேனில் டிரைவரின் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டைச் சீட்டியடிப்பவன். சாலை சாலையாக இல்லை. மருமகளின் தலை இரண்டு முறை கூரையில் இடித்தது.

"மாமா, ஏடு எடுக்கணும்னா பாலை அசையாம வைக்கணும் இல்ல?" என்றாள் காதோரம்.

"மணிக்கணக்கா வைக்கணும்."

"இந்த ரோட்டுல பால் அசையாம இருக்கணும்னா அது எறங்கி நடந்துதான் வரணும்."

வழியில் ஒரே ஓர் இடத்தில் டிரைவர் நிறுத்தினான். மருத்துவமனை வாசலில் ஒரு பேருந்து நிறுத்தம். சந்தேகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தினமும் இங்க நிறுத்துவியாப்பா?"

"ஒரு நிமிஷம்தாங்க."

"நிறுத்தி என்ன எடுப்ப?"

டிரைவர் தயங்கி, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். கண்ணாடியைத் திருப்பித் தலை வாரிக்கொண்டான். நிறுத்தத்தில் நின்ற நர்ஸ் ஒருத்தி வேறு பக்கம் பார்ப்பதுபோல் இந்தப் பக்கம் பார்த்தாள். வேன் கிளம்பியது.

"திருட்டு உண்டு" என்றாள் மருமகள். "ஆனா அது பால் சம்பந்தப்பட்டது இல்ல."

ஆலையின் சோதனை அறை வெள்ளை ஓடு பதித்துக் குளிர்ச்சியாக இருந்தது. தலையில் வலைத்தொப்பி போட்ட கொள்முதல் அதிகாரி கேனிலிருந்து எடுத்த பாலை இயந்திரத்தில் வைத்தார். திரையில் 2.8 என்று வந்தது.

"பாருங்க, நாலு இருக்க வேண்டிய பால். அதுவும் சாயங்காலப் பால்லதான் கொழுப்பு கூடவே இருக்கும். இவருக்கு மட்டும் தலைகீழா இருக்கு."

சந்தேகம் பையிலிருந்த பாட்டிலை நீட்டினார். அதற்கும் 2.8.

"இது வண்டியில ஏறாத பால்" என்றார் அவர். "அப்ப டிரைவர் எடுக்கல. வண்டிக்கு வரும்போதே இல்ல."

அதிகாரியின் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் அந்த வாரத்தின் சிறந்த பால் என்று ஒரு மகளிர் குழுவின் பெயரும் 6.5 என்ற எண்ணும் எழுதியிருந்தது. சந்தேகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"இவங்க யாரு?"

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "எங்க செல்லப் பிள்ளைங்க. ஒரு மாடு, ரெண்டு மாடு வச்சிருக்கிறவங்க நேரா ஆலைக்குப் பால் குடுக்கணும்னு நாங்க தலையால தண்ணி குடிச்சிட்டு இருக்கோம். யாரும் வரல. இவங்க பத்து நாள் முன்னாடி தானா வந்தாங்க. கொழுப்புக்குத் தகுந்த விலை குடுக்கறோம். முப்பது நாள் தரம் கொறையாம குடுத்தா, பாலைக் குளிர வைக்கிற தொட்டி ஒண்ணை அவங்க ஊர்லயே வச்சிடுவோம்னு சொல்லியிருக்கேன்."

"ஆறரை எப்படி வருது?"

"எருமைப் பாலா இருக்கும். நீங்க வந்த வழிதான். ஏழு மணிக்கு எங்க வண்டி மெயின் ரோட்டுல நின்னு எடுத்துக்கும். நான் இன்னும் நேர்ல போய்ப் பாக்கல."

வெளியே வந்ததும் சந்தேகம் கேட்டார். "வர்ற வழியில எத்தனை எருமை பாத்த?"

"ஒண்ணுகூட இல்ல மாமா. சீப்பு எடுத்தவரைச் சேத்தா ஒண்ணு."

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டார். டிரைவர் எடுக்கவில்லை என்று சந்தேகம் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. "அப்ப முற்றத்துலயே எடுத்திருப்பான். கேன் கழுவறது, மூடறது எல்லாம் அவன்தான். நாளைக்கு வேன் சாவியை வாங்கிடறேன்."

"நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் வாங்காதீங்க. அதுக்குள்ள உங்க கொழுப்பைக் கண்டுபிடிச்சுத் தரேன்."

தொலைபேசியை வைத்ததும் மருமகள் சொன்னாள். "வெளியில யாராவது கேட்டா நம்ம தொழிலைப் பத்தி என்ன நெனப்பாங்க மாமா."

மறுநாள் மாலை பால் கறக்கும் நேரத்துக்கு இருவரும் வீடு வீடாகப் போனார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஆயிற்றே, மாட்டைப் பார்க்கலாம், கொம்பை அளக்கலாம், எருமை இருக்கிறதா என்றும் கேட்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது. அந்த ஊரில் எருமையே கிடையாது.

முதல் வீட்டில் ஒருத்தி கறந்துகொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். மாடு அப்படியே காலை அகட்டி நின்றுகொண்டிருந்தது.

"மாடு ஏன் இன்னும் நகராம நிக்குது?" என்றாள் மருமகள்.

"அதுக்குப் பழக்கம்."

"முடிஞ்சிருச்சுன்னு அதுகிட்ட யாரும் சொல்லலையா?"

அந்தப் பெண் பாத்திரத்தை வியாபாரி வீட்டுக்கு எடுத்துப் போனாள். கொட்டகைக் கழியில் ஒரு சின்னத் தூக்குவாளி தொங்கியது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. 

இரண்டாவது வீட்டிலும் ஒரு தூக்குவாளி, பச்சை நூல். கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோக என்றாள் வீட்டுக்காரி. கணவர் திண்டில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டில் மஞ்சள் நூல். கன்றுக்குட்டிக்கு மருந்து கலக்க என்றார்கள். நாலாவது வீட்டுக்காரி, "எந்தத் தூக்குவாளி?" என்று கேட்டாள், அதைக் கையில் வைத்துக்கொண்டே.

ஆறு மணிக்குத் தெருவில் பெண்கள் கிளம்பினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தூக்குவாளி, மேலே மடித்துப் போட்ட துணி. எங்கே போகிறார்கள் என்று கேட்டதற்குத் தையல் வகுப்பு என்றார்கள்.

"தையல் கத்துக்கப் போறவங்க கையில ஊசியக் காணோம், கத்திரியக் காணோம்" என்றாள் மருமகள். "எனக்கும் ஒரு சட்டை தைக்கணும்போல இருக்கு மாமா."

"நீ முன்னால போ. நான் ரெண்டு நிமிஷத்துல வரேன்."

வகுப்பு நடந்தது பூட்டிக் கிடந்த பழைய நூலக அறையில். மருமகள் கதவைத் தள்ளியதும் பேச்சு நின்றது. அறையில் ஒரே ஒரு தையல் இயந்திரம். அதற்கு ஊசி இல்லை. அதன் பலகை மேல் அவசரமாக விரித்த ஜாக்கெட் துணி, துணிக்கு அடியில் சதுரமாக ஏதோ ஒன்று. துணியைத் தாண்டிப் பச்சை விளக்கு மினுக்கியது. புத்தக அலமாரியில் புத்தகங்களுக்குப் பதில் இரண்டு பால் கேன்கள்.

"அடுத்தவங்க மூடியைத் திறந்து வைங்க" என்றது ஒரு குரல். உள்ளே யார் வந்தது என்று தெரியாமல், சுவர்ப் பக்கம் குனிந்து கேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஓர் உயரமான பெண்.

மருமகளுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் நாக்கில் நேற்றைய டீ இனித்தது.

"அக்கா" என்றாள். "பால் நல்லா இருந்தா கொழுப்பும் தானா நல்லா வந்துடும் போல."

வியாபாரியின் மனைவி நிமிர்ந்து திரும்பினாள். பின்னாலேயே வந்த சந்தேகத்தைப் பார்த்தாள். நாற்பது தூக்குவாளிகளும் அசையாமல் நின்றன.

"நாங்க மாட்டுக் காப்பீட்டுக்காரங்க இல்லம்மா" என்றார் அவர். "துப்பறியறவங்க. உங்க வீட்டுக்காரர்தான் எங்களை வச்சிருக்காரு."

"எவ்வளவு தெரியும்?"

"மடியில முதல்ல வர்ற பால் நீர்த்து இருக்கும், கடைசியில வர்றதுதான் கெட்டி. முதல் முக்கால் பங்கு அவருக்கு. கடைசிக் கால் பங்கு இங்க. ஆலைக்காரர் அதை எருமைப் பால்னு நெனச்சுப் பலகையில எழுதி வச்சிருக்காரு. அவர் எருமைன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா நீங்கதான் தலைவின்னு சொல்லிக் குடுத்தது உங்க டீதான். அந்த ஏடு அவர் கேன்ல இருக்கிற பால்ல வராது."

அவள் மெல்லச் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்றே மருமகளுக்கு அதுவரை தெரியாது.

"கடைசிப் பால்தான் கெட்டின்னு மாடு கறக்கிற எவளுக்கும் தெரியும். வாங்கறவருக்குத்தான் தெரியாது. கொழுப்பு பாக்கிற மெஷின் வாங்குங்க, நல்ல பாலுக்கு நல்ல விலை குடுங்கன்னு மூணு வருஷமாச் சொல்றேன். உம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துப்பாரு. மாட்டுக்கு நல்ல தீவனம் போட்டவளுக்கும் அதே விலை, வைக்கோலைக் காட்டினவளுக்கும் அதே விலை. அதான் நாங்களே சேர்ந்து இந்த மெஷினை வாங்கிட்டு நேரா ஆலைக்குப் போனோம்."

"முழுசாப் போயிருக்கலாமே?"

"போனா அவர் வண்டி நின்னுடும். அதுக்குத்தான் கால் பங்கு. தொட்டி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இன்னும் இருபது நாள்."

சிவப்பு நூல் வாளிக்காரி முன்னால் வந்தாள். "நீங்க அவர்கிட்டச் சொல்லிட்டீங்கன்னா நாளையில இருந்து எங்க காலைப் பாலையும் வாங்க மாட்டாரு. ஒரு வேளைப் பாலை வீணாக்கினாக்கூட எங்களுக்குத் தாங்காது சார்."

சந்தேகம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடினார். காப்பீட்டு வேலையில் இப்படி யோசித்து நிற்க வேண்டி வந்ததில்லை. அங்கே கடை எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்பதோடு முடிந்துவிடும்.

"கொழுப்பு எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை" என்றார் கடைசியில். "கண்டுபிடிச்சாச்சு. அதை யார் சொல்லணும்ங்கறதை நான் தீர்மானிக்கல. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சாகணும். கொழுப்பை எடுத்தது உங்க தம்பின்னு அவர் நெனச்சிட்டு இருக்காரு. ஏழு மணிக்குச் சாவியை வாங்கப் போறாரு."

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"தம்பியா?" என்றாள். "அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் வாய்ல நிக்காதுன்னுதான் அவன்கிட்டகூடச் சொல்லல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆலை வண்டிக்கு நீங்க எல்லாரும் போங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வெளியே இறங்கி நடந்தாள். அவள் நடைக்கு ஈடு கொடுக்க மருமகள் ஓட வேண்டியிருந்தது.

முற்றத்தில் வேன் அப்போதுதான் ஆலையிலிருந்து திரும்பி நின்றது. வியாபாரி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடு மச்சான்."

"எதுக்கு மச்சான்? கழுவிட்டுத் தரேனே."

"குடுக்காதடா" என்றபடி அவள் நடுவில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. "கொழுப்பை எடுத்தது நான்தான்."

வியாபாரி சிரித்தார். தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "உனக்கு எதுக்குக் கொழுப்பு?"

மருமகள் வாயைத் திறந்தாள். சந்தேகம் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வியாபாரியின் மனைவி அவர் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். இரண்டாவது மாட்டை அவள் வகுப்பு முடிந்து வந்துதான் கறப்பாள். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துவந்தாள். முதலில் வந்த பாலை ஒன்றில் பிடித்தாள். பிறகு குனிந்து பாத்திரம் நிறையக் கறந்தாள். கொட்டகையில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிப் பாலை இரண்டாவது டம்ளரில் பிடித்து இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க."

முதல் டம்ளரில் ஒரு வாய் குடித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டாவதில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

"ரெண்டும் ஒரே மாடா?"

"ஒரே மாடு. ஒரே மடி. இருபது வருஷமா நீங்க மிதக்கவிட்டுத்தான் பாத்திருக்கீங்க. ஒரு நாளாவது கறந்து பாத்தீங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்த லேக்டோமீட்டரைத் தொட்டார். "ஆனா இது நல்லா நின்னுச்சே."

"கொழுப்பு லேசான பொருள்" என்றார் சந்தேகம். "அதை எடுத்துட்டா பால் கனமாயிடும், மிதவை மேல ஏறி நிக்கும். திருட்டுப் போகப் போக உங்க மீட்டர் சபாஷ் போட்டுட்டு இருந்திருக்கு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நூலக அறை, ஆலை வண்டி, முப்பது நாள், தொட்டி. எதையும் மறைக்கவில்லை, எதற்கும் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"நாப்பது வீட்டுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னேன். மூணு வருஷம் சொன்னேன்."

வாசலில் நின்றிருந்த டிரைவர் இப்போதுதான் கணக்குப் போட்டு முடித்தான். "அப்ப நான் ஏடு திருடறேன்னு நெனச்சீங்களா மச்சான்?"

வியாபாரி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளர்களை மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். சாவி டிரைவரிடமே இருந்தது.

மறுநாள் சந்தேகம் ஆலைக்குப் போய் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்கள் சொல்லச் சொன்னதன் பேரில்தான் சொன்னார். அதிகாரி கண்ணில் நீர் வர முதலில் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கடைசிப் பாலை மட்டும் வச்சுத் தரம் பாத்தா அது தரம் இல்லையே சார். அந்தப் பத்து நாள் செல்லாது. முழுப் பாலோட ஒண்ணாம் நாள்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். அதுக்கு எங்க சின்ன வண்டி போதாது. அவங்களுக்கு ஒரு வேன் வேணும்."

"ஊர்ல ஒரு வேன் இருக்கு" என்றாள் மருமகள். "அதோட சொந்தக்காரர்தான் மூணு நாளைக்கு யார்கூடவும் பேச மாட்டாரு."

அவள் சொன்னபடியே நடந்தது. மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. வாங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முற்றத்துக் கேன்கள் கவிழ்ந்து கிடந்தன. பெண்கள் முழுப் பாலையும் நூலக அறைக்கே கொண்டு போனார்கள். ஆலை வண்டியில் இடமில்லாத பால் தினமும் மிஞ்சியது. அதை வீடு வீடாகத் தயிராக்கி வைத்துவிட்டு, அவர் வீட்டு வாசலைப் பார்த்தபடி நடந்து போனார்கள். மனைவி அவருக்கு நேரத்துக்கு டீ கொடுத்தாள். அவர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மாலை அதிகாரி முதன்முறையாக அந்த ஊருக்கு வந்தார். சந்தேகத்தையும் மருமகளையும் கூட்டி வந்திருந்தார். நூலக அறையில் இப்போது கொழுப்பு பார்க்கும் இயந்திரத்தின் மேல் துணி இல்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நீண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் பால் வியாபாரி நின்றார்.

கையில் ஒரு பாத்திரம். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பால் தெறித்திருந்தது. முழங்காலில் சாணி. முன்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி நகர்ந்து, முன்னால் போகச் சொன்னாள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு அங்கேயே நின்றார். அவர் முறை வருவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று.

இயந்திரத்துக்கு முன்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும் பார்ப்பதுபோலவே அவரையும் பார்த்தாள்.

"யார் கறந்தது?"

"நான்தான்."

அவள் பாலை எடுத்து வைத்தாள். திரையில் 2.9 என்று வந்தது. அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரி கூரையைப் பார்த்தார்.

"கொழுப்பு கம்மியா இருக்கே" என்றாள் அவள். "மீதிப் பால் எங்க?"

"மாட்டுக்கிட்டயே இருக்கு" என்றார் அவர். "எனக்குத் தரமாட்டேங்குது."

முதலில் டிரைவர்தான் சிரித்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. வியாபாரி சிரிக்கவில்லை, ஆனால் மூன்று நாளாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்தது. மச்சானின் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். அவன், "விடுங்க மச்சான், நானும் ஏடு எப்படி எடுக்கிறதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றான்.

அவள் எழுந்தாள். சிவப்பு நூல்காரியைத் தன் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில் இருந்த அவர்கள் கொட்டகையிலிருந்து அவள் குரல் நூலகம் வரை கேட்டது. "கட்டை விரலை மடக்காதீங்க. இழுக்காதீங்க, அமுக்குங்க. அது என்ன பம்பா?"

"மாமா, இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விசாரிக்கணுமா?" என்றாள் மருமகள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு."

"எனக்கென்னவோ இப்பத்தான் ஆரம்பிக்கற மாதிரி இருக்கு."

கால் மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். அவர் கையில் இன்னொரு பாத்திரம். அவள் இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, மறுபடி இயந்திரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 4.3.

வியாபாரி அந்த எண்ணைக் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கி, கிட்டப் போய், மறுபடியும் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் தானே கறந்து கொண்டுவந்த முதல் பால்.

"வேன் வெளியிலதான் நிக்குது" என்றார் எண்ணைப் பார்த்தபடியே. "எத்தனை கேன் ஏத்தணும்?"

"முதல்ல எல்லாருக்கும் பாத்து முடிக்கிறேன்" என்றாள் அவள். பிறகு அவருடைய தோளுக்கு மேலே வரிசையைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அவர் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்.